ஓடி வந்தவரைத் தவிர எல்லாரும் பேசுற கேஸ் கட்டு

மார்ச் 3, வாசகர் ஒருத்தர் கேட்டது

அக்கா, அமெரிக்காவுல தப்பி ஓடிப் பிடிபட்ட அடிமைகளோட பழைய கோர்ட்டு கட்டெல்லாம் ஸ்கேன் பண்ணி வச்சிருக்காங்களே, அதை உக்காந்து படிச்சா அவங்க கதையை அவங்க வாயாலயே கேட்டுக்கலாம்தானே? கோர்ட்டுன்னா ரெண்டு பக்கமும் பேசித்தானே ஆகணும்? நீங்க அந்த வேலையில இருந்தவங்க, சொல்லுங்க.

மார்ச் 3, ராத்திரி 10.20

முடியாது தம்பி. நானும் இதே நெனப்புலதான் முதல் கட்டைத் தொறந்தேன். 26 வருஷம் கோர்ட்டு நகல் பிரிவுல உக்காந்து அடுத்தவங்க வாக்குமூலத்தைப் பாத்துப் பாத்து எழுதினவ நான். எந்தக் கட்டை எடுத்தாலும் மனுதாரர் சொன்னது இருக்கும், எதிர்மனுதாரர் சொன்னது இருக்கும், அடியில 'படித்துக் காட்டப்பட்டு சரியென ஒப்புக்கொள்ளப்பட்டது'ன்னு ஒரு வரி இருக்கும், அதுக்குக் கீழ கையெழுத்தோ கைநாட்டோ இருக்கும். அந்த வரியைத் தேடித்தான் அங்கயும் போனேன். இல்ல. எழுதுறவங்க விட்டுட்டதால இல்ல, சட்டமே வேண்டாம்னு சொல்லிட்டதால. தப்பி ஓடின அடிமைகளைப் பிடிச்சுத் திருப்பிக் கொடுக்கணும்னு 1850 செப்டம்பர் 18ல ஜனாதிபதி ஃபில்மோர் கையெழுத்துப் போட்ட சட்டத்தோட 6வது பிரிவுல இருக்கு: ஓடி வந்தவர்னு சொல்லப்படுறவரோட சாட்சியத்தை இந்தச் சட்டத்துப்படி நடக்குற எந்த விசாரணையிலயும் ஏத்துக்கக்கூடாது.

யாரைப் பத்தின கேஸோ அவர் ஒருத்தர் மட்டும் வாயைத் தொறக்கக்கூடாது.

மார்ச் 4, காலைல

சரி, அப்போ கட்டுல என்னதான் இருக்கும்னு கேட்டிருக்கீங்க. மெலிசான கட்டுதான். உரிமை கேட்டு வர்றவரோட பிரமாண பத்திரம் இருக்கும். அவர் வராம ஆள் அனுப்பினா அந்த ஆளுக்குக் கொடுத்த பவர் பத்திரம். அப்புறம் வாரண்ட், 'ஆளைப் பிடிச்சு ஆஜர்படுத்தினேன்'னு மார்ஷல் எழுதுன ரிட்டர்ன். நம்ம ஆமீன் சம்மன் முதுகுல எழுதித் தருவாரே, அதே மாதிரி. அதுக்கப்புறம் சொந்த மாநிலத்துக் கோர்ட்டுலயிருந்து வாங்கிட்டு வந்த ஒரு நகல் இருக்கும். கடைசியா, ஆளை ஒப்படைச்சாச்சுன்னா, சான்றிதழ்.

இதுல அந்த நகல்தான் முக்கியம். 10வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, அடிமை முறை இருந்த வர்ஜீனியாவைச் சேந்தவர் வர்ஜீனியாவுலயே ஒரு கோர்ட்டுக்குப் போயி இன்னார் என்கிட்ட வேலை செய்யக் கடமைப்பட்டவர், இன்ன தேதியில ஓடிட்டார், ஆள் இப்படி இருப்பார்னு சொல்லிப் பதிவு பண்ணிக்கலாம். எதிர்த்தரப்பு அங்க கிடையாது, ஆள் எங்க இருக்காருன்னே தெரியாது. அந்தப் பதிவோட நகல் முத்திரையோட, அடிமை முறை இல்லாத வடக்குல இருக்குற பாஸ்டனுக்கு வந்துட்டா, ஓடினதுக்கும் கடமைப்பட்டதுக்கும் அதுவே முடிவான சாட்சி. அதை எதிர்த்துப் பேச ஒண்ணும் இல்ல. மிச்சம் ஒரே கேள்விதான், நிக்குற ஆள் அந்த ஆள்தானா. எதிர்த்தரப்பு இல்லாமலே கொடுக்குற எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு நகல் நான் எத்தனையோ எடுத்திருக்கேன், ஆனா அதைக் கூட ரத்து பண்ணச் சொல்லி மனு போட ஒரு வழி இருக்கும். இங்க அதுவும் இல்ல, கமிஷனர் (போலீஸ் இல்ல, இந்தக் கேஸை விசாரிக்க மத்தியக் கோர்ட்டு போட்ட அதிகாரி) கொடுத்த சான்றிதழ் மேல வேற எந்தக் கோர்ட்டும் கை வைக்கக்கூடாதுன்னும் அதே 6வது பிரிவுலயே எழுதி வச்சுட்டாங்க.

இன்னொண்ணு என்னை ரொம்ப நேரம் உக்கார வச்சுது. அரசியல் சட்டத்துல 4வது உறுப்புல இந்த விஷயம் வர்ற இடத்துல அடிமைங்கிற வார்த்தையே கிடையாது. 'சேவைக்கோ வேலைக்கோ கட்டுப்பட்டவர்', அந்த வேலை 'யாருக்குச் சேர வேண்டியதோ அவர்கிட்ட ஒப்படைக்கணும்', இப்படித்தான் போகுது. இதே விஷயத்துக்கு முன்னாடி வந்த 1793 சட்டமும், 1850 சட்டமும், அதுக்குக் கீழ வந்த பத்திரங்களும் அதே பாஷையைத்தான் பேசுது. படிச்சா பிராமிசரி நோட்டு தாவா மாதிரியே இருக்கு. பாக்கி வர வேண்டியிருக்கு, வசூல் பண்ணிக் கொடுங்கன்னு கேக்குற தொனி. அந்தப் பாக்கிதான் ஒரு மனுஷனோட ஆயுசு.

மார்ச் 4, மத்தியானம்

கையெழுத்து புரியலைன்னு எழுதினவங்களுக்கு: ரெண்டு எஸ் சேந்து வர்ற இடத்துல முதல் எஸ்ஸை நீட்டி எஃப் மாதிரி இழுத்து எழுதுறது அந்தக் காலத்துப் பழக்கம். நிறைய பேர் அதை எஃப்னே படிச்சுட்டு அர்த்தம் புரியாம நின்னுடுறாங்க. முதல்ல மார்ஷல், கமிஷனர், சர்வீஸ், லேபர், இந்த நாலு வார்த்தையும் அந்தக் கையில எப்படி விழுந்திருக்குன்னு பழகிக்கோங்க, மிச்சம் தானா வரும். ஒவ்வொரு குமாஸ்தாவுக்கும் ஒரு கை. ரெண்டு பக்கம் தாண்டினா அவர் கை உங்க கைக்கு வந்துரும்.

மார்ச் 6

10 டாலர் 5 டாலர் கதை உண்மையான்னு மூணு பேர் கேட்டிருக்கீங்க. உண்மைதான், 8வது பிரிவு. ஆளைப் பிடிச்சுட்டுப் போகச் சான்றிதழ் கொடுத்தா கமிஷனருக்கு 10 டாலர், சாட்சியம் போதலைன்னு விட்டுட்டா 5 டாலர். பச்சையா லஞ்சம், வேற பேரே கிடையாது.

மார்ச் 7

நேத்து எழுதினதுக்கு ஒரு தம்பி பதில் போட்டிருந்தார், சான்றிதழ் கொடுத்தா கூடுதலா எழுத்து வேலை இருக்கு, அதுக்குத்தான் கூடுதல் கூலின்னு அப்பவே சட்டத்தை ஆதரிச்சவங்க சொன்னாங்கன்னு. ஆமா, சொன்னாங்க. நான் நகல் பிரிவுல பக்கத்துக்கு இவ்வளவுன்னு கணக்குப் பாத்து வாங்கின இடத்துல இருந்தவ, அதனால அந்தக் கணக்கை நிஜமாவே போட்டுப் பாத்தேன். சான்றிதழ் எவ்வளவு நீளம்? யாரு, யாருக்குக் கடமைப்பட்டவரு, எந்த மாநிலம், எப்ப ஓடினார், கூட்டிட்டுப் போக அனுமதி. ஒரு பக்கத்துக்குள்ள அடங்கிரும். விசாரணை பூரா நடத்திட்டு விடுதலைன்னு எழுதுறதுக்கும் மை செலவாகத்தான் செய்யும். ஒரு பக்கத்துக்கு 5 டாலர் வித்தியாசம் எனக்கு ஒத்துவரலை.

ஆனாலும் 'பச்சையா லஞ்சம்'னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். காரணம் வேற. அந்தக் காசு இருந்தாலும் இல்லாட்டாலும் முடிவு அதேதான் வந்திருக்கும்னு இப்ப தோணுது. எதிர்த்தரப்பு வாயைக் கட்டிப்போட்டு, அடுத்த மாநிலத்து நகலை முடிவான சாட்சின்னு வச்சதுக்கப்புறம் காசு கொடுத்து யாரையும் சாய்க்க வேண்டியதில்ல. நாம அந்த 5 டாலரையே பேசிட்டிருக்கோம், 10வது பிரிவு கண்ணுல படாமப் போகுது.

மார்ச் 9

'அடையாளம் மட்டுமாவது சரியாப் பாத்திருப்பாங்கல்ல'ன்னு கேட்டவருக்கு, ஆடம் கிப்சன் கேஸ்.

1850 டிசம்பர், ஃபிலடெல்ஃபியா. சட்டம் வந்து மூணு மாசம். ஆடம் கிப்சனைப் பிடிச்சுட்டு வந்து இவர்தான் எமரி ரைஸ், மேரிலாண்டுல இருக்கிற வில்லியம் நைட்டோட ஆள்னு சொல்றாங்க. சாட்சி வந்து ஆமா இவர்தான்னு அடையாளம் காட்டுறார். இல்லைன்னு சொல்லவும் ஆள் வந்தாங்க. கமிஷனர் இங்ரஹாம் சான்றிதழ் கொடுத்துட்டார். அன்னைக்கே கிளப்பிக் கொண்டுபோயி எல்க்டன் ஊர்ல நைட் முன்னாடி நிறுத்தினா, அவரே பாத்துட்டு இது என் ஆள் இல்லைன்னுட்டார். அப்புறம் திருப்பி அனுப்பினாங்க.

இதை எத்தனை தடவை படிச்சாலும் நெஞ்சு படபடங்குது. அந்த மனுஷனைக் காப்பாத்தினது கோர்ட்டு இல்ல, அவருக்காகப் பேசின வக்கீலும் இல்ல, உரிமை கோரின அந்த ஒரே ஆளோட நேர்மை. நைட் மட்டும் 'சரி, வந்தவரை இருக்கட்டும்'னு நெனச்சிருந்தா, கட்டு சரியா இருந்திருக்கும், முத்திரை சரியா இருந்திருக்கும், ஆடம் கிப்சன் ஆயுசு பூரா எமரி ரைஸா இருந்திருப்பார். தப்பான ஆள்னு நமக்குத் தெரியவும் வந்திருக்காது.

அதே வருஷம் செப்டம்பர் 26ல, கையெழுத்தாகி எட்டாவது நாள், நியூயார்க்குல ஜேம்ஸ் ஹாம்லெட்டைப் பிடிச்சாங்க. இந்தச் சட்டத்துல முதல்ல போனவர் அவர். எங்கம்மா அடிமை இல்ல, அதனால நானும் இல்லைன்னு அவர் சொன்னார். அதைக் காது கொடுத்துக் கேக்க சட்டத்துல இடமில்ல. பால்டிமோருக்கு அனுப்பிட்டாங்க. அப்புறம் நியூயார்க் ஜனங்க 800 டாலர் வசூல் பண்ணி அவரை வாங்கி மீட்டுட்டு வந்தாங்க.

மார்ச் 12, ராத்திரி. நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க

ஆன்டனி பர்ன்ஸ் கேஸ். இதைத்தான் நான் முழுசாப் படிச்சேன், இது மட்டும் விலாவாரியாக் கெடைக்குது, ஏன்னா அந்த வருஷமே விசாரணையை அச்சடிச்சு வித்தாங்க, ஊரே கூடி நின்ன கேஸ்.

1854 மே 24, சாயங்காலம், பாஸ்டன். துணிக்கடையில வேலையை முடிச்சுட்டு வந்துட்டிருந்தவரை, நகைக்கடையில திருடினன்னு சொல்லிப் பிடிச்சுக் கோர்ட்டு கட்டடத்து மேல்மாடிக்குக் கொண்டுபோறாங்க. திருட்டு கேஸ் எதுவும் கிடையாது, அது சும்மா ஆளை அள்ளுறதுக்குச் சொன்ன சாக்கு. கொஞ்ச நேரத்துல கதவு தொறக்குது, இவர் என் ஆள்னு உரிமை கேட்டு வர்ஜீனியாவுலயிருந்து வந்த சார்லஸ் சட்டில் உள்ள வர்றார், கூட அவரோட நண்பர் வில்லியம் பிரெண்ட். சட்டில் பேச்சுக் கொடுக்கிறார். பர்ன்ஸ் வாயிலயிருந்து 'மாஸ்டர் சார்லஸ்'னு வந்துருது. நான் உன்னை எப்பவாவது அடிச்சிருக்கேனா, கேட்டப்ப காசு கொடுக்கலியான்னு கேக்குறார். வருஷத்துக்கு ஒருவாட்டி பன்னிரண்டரை சென்ட் கொடுப்பீங்கன்னு பதில் வருது.

அந்த ரூம்ல நடந்த இந்த நாலு வரி பேச்சை மனசுல வச்சுக்கோங்க.

மறுநாள் காலைல கை விலங்கோட கமிஷனர் எட்வர்ட் லோரிங் முன்னாடி. ரிச்சர்ட் ஹென்றி டேனாங்கிற வக்கீல் தானா வந்து உங்களுக்காகப் பேசட்டுமான்னு கேட்டா, பர்ன்ஸ் பிரயோஜனமில்லைன்னார். எப்படியும் சத்தியம் பண்ணி என்னைக் கொண்டுபோயிருவாங்க, எதிர்த்தா அங்க போனப்புறம் இன்னும் மோசமா நடத்துவாங்கன்னார். அந்த பயத்தை எனக்குத் தெரியும். வழக்கு போட்டா வீட்டுல அடி விழும்னு மனுவை வாபஸ் வாங்கிட்டுப் போற பொண்ணுங்க மொகத்துல பாத்திருக்கேன், நகல் கவுண்டர்ல நின்னு 'வேணாம்க்கா, குடுத்துருங்க'ன்னு சொல்லும்போது கண்ணு எங்கயோ இருக்கும். டேனா அப்பவும் விடலை, யோசிக்க அவகாசம் கொடுங்கன்னு வாய்தா வாங்கினார்.

இப்ப அந்த நகலுக்கு வாங்க. வர்ஜீனியாவுல அலெக்ஸாண்ட்ரியா கோர்ட்டுலயிருந்து சட்டில் கொண்டுவந்தது. அதுல ஆள் அடையாளம்: கருத்த நிறம், சுமார் ஆறடி, ஒரு கன்னத்துல தழும்பு, வலது புறங்கையில ஒரு தழும்பு, வயசு 23 இல்ல 24. அவ்வளவுதான். டேனா என்ன காட்டினார்னா, நிக்குற மனுஷனோட வலது கை உடைஞ்ச கை. எலும்பு பொறங்கையில துருத்திட்டு ஒரு மேடு மாதிரி நிக்குது, மணிக்கட்டுலயிருந்து கை ஏறக்குறைய செயலில்லாமத் தொங்குது. இதைப் பாத்தவங்க யாராவது 'தழும்பு'ன்னு எழுதுவாங்களான்னு கேட்டார். நியாயமான கேள்வி. பர்ன்ஸுக்கு அந்தக் கை போனது அடிமையா வாடகைக்கு விடப்பட்டு மரம் அறுக்குற மில்லுல வேலை செஞ்சப்போ. கை போன கதை எந்தப் பத்திரத்துலயும் இல்ல, தழும்புங்கிற ஒரு சொல்தான் இருக்கு, அதுவும் அவரைத் திரும்பப் பிடிச்சுக்கறதுக்காக.

அடுத்து தேதி. நகல்படி அவர் ஓடினது மார்ச் 24. மார்ச் 20ல ரிச்மண்டுல நான் அவரைப் பாத்தேன்னு பிரெண்ட் சாட்சி சொல்றார். இந்தப் பக்கம் வில்லியம் ஜோன்ஸ்னு ஒரு கறுப்பினக் கூலித் தொழிலாளி வந்து, மார்ச் முதல் தேதியே பர்ன்ஸை பாஸ்டன்ல பாத்தேன், சவுத் பாஸ்டன்ல மட்டப்பன் ஆலையில ரெண்டு பேரும் சேந்து ஜன்னல் கழுவினோம்னு சொல்றார். அவர் மட்டும் சொன்னா விட்டுடலாம், அந்த ஆலையைச் சேந்த வெள்ளைக்காரங்களும் வந்து ஆமான்னு சொன்னாங்க. மார்ச் 20ல ரிச்மண்ட்ல இருந்தவர் மார்ச் முதல் வாரம் பாஸ்டன்ல ஜன்னல் கழுவ முடியாது. நம்ம ஊர்ல எந்த முன்சீஃப் கோர்ட்டா இருந்தாலும் சந்தேகத்தோட பலன்னு ஒண்ணு யாருக்காவது போயிருக்கும்.

லோரிங் என்ன பண்ணினார்? ரெண்டு பக்க சாட்சியும் மோதுதுன்னு ஒத்துக்கிட்டார். அப்படின்னா எதை வச்சு முடிவு பண்றதுன்னு தேடி, மே 24 ராத்திரி ரூம்ல பேசின அந்த நாலு வரியை எடுத்தார். பர்ன்ஸ் தன் வாயாலயே சட்டிலை எஜமான்னு கூப்பிட்டிருக்கார், அதனால இவர்தான் அவர்.

டேனா எழுந்து, சட்டம் இவர் சாட்சியமே செல்லாதுன்னு சொல்லுதே, அப்புறம் எப்படின்னு வாதாடினார். அதுக்கு லோரிங் சொன்ன பதில், சாட்சியம் வேற, ஒப்புதல் வேற. கூண்டுல ஏறிச் சத்தியம் பண்ணிச் சொன்னா அது சாட்சியம், அது கூடாது. பூட்டின ரூம்ல சத்தியம் இல்லாமச் சொன்னா அது ஒப்புதல், அது செல்லும். நம்ம சாட்சியச் சட்டத்துல போலீஸ்கிட்ட கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் குற்றவாளிக்கு எதிரா செல்லாதுன்னு இருக்கு. அடைச்சு வச்சுப் பேச வச்ச பேச்சுக்கு மதிப்பில்லைங்கிற சின்ன அறிவு அது. இந்தத் தீர்ப்பைப் படிக்கும்போது அந்தச் சின்ன அறிவு எவ்வளவு பெரிசுன்னு தெரிஞ்சுது.

ஜூன் 2ல தீர்ப்பு. அன்னைக்கே துப்பாக்கி ஏந்தின பட்டாளம் நடுவுல நடக்கவச்சு கப்பலுக்குக் கொண்டுபோனாங்க. ஒரு ஆளுக்குப் பட்டாளம். தெருவுல சுமார் 50,000 பேர், கட்டடங்கள்ல கறுப்புத் துணி, விடுதலைன்னு எழுதின ஒரு சவப்பெட்டி தொங்குச்சு.

மார்ச் 13

முதல் நாள் நான் எழுதினதைத் திருத்தணும். அவர் பேசவே கூடாதுன்னு சொன்னேன். அப்படி இல்ல. அவருக்குச் சாதகமா வர்ற பேச்சுதான் கூடாது. பாதகமா வாயிலயிருந்து விழுந்தது கட்டுக்குள்ள போயிருச்சு, தீர்ப்பே அது மேலதான் நிக்குது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு பர்ன்ஸ் கட்டை ரெண்டாவது தடவை படிக்க வேண்டியிருந்துச்சு.

லோரிங்குக்கு 10 டாலர்தான் கண்ணுல பட்டுதான்னு கேட்டவருக்கு: இல்லைன்னுதான் நெனைக்கறேன். அவர் சட்டத்தை அப்படியே நிறைவேத்தறதா நம்பின மனுஷன். பின்னாடி ஹார்வர்டுல பாடம் நடத்துற வேலை போச்சு, 1858ல மாநில நீதிபதிப் பதவியும் போச்சு. நம்பிக்கையோட செஞ்சதுதான் எனக்கு இன்னும் கஷ்டமா இருக்கு.

மார்ச் 15

ஜூரி இருந்துச்சே, நீங்க ஜூரியைப் பத்திப் பேசவே இல்லையேன்னு ஒருத்தர். ரெண்டையும் குழப்பிக்காதீங்க. ஓடி வந்தவருக்கு ஜூரி கிடையாது. ஓடி வந்தவரைக் காப்பாத்தினவங்களுக்கு ஜூரி உண்டு, ஏன்னா அது குற்ற வழக்கு. அந்தக் கட்டெல்லாம் தடியா இருக்கும்.

1851 செப்டம்பர் 11ல பென்சில்வேனியாவுல கிறிஸ்டியானாங்கிற ஊர்ல, தன் ஆளுங்களைப் பிடிக்க வந்த மேரிலாண்ட் பண்ணைக்காரர் எட்வர்ட் கோர்சச் கைகலப்புல செத்துப்போனார். அதுக்கு முப்பதுக்கும் மேல ஆளுங்க மேல தேசத் துரோக வழக்கு. அமெரிக்கா மேல போர் தொடுத்தாங்களாம். முதல்ல விசாரிச்சது காஸ்ட்னர் ஹான்வேங்கிற மாவு மில்லுக்காரரை, ஃபிலடெல்ஃபியாவுல இண்டிபெண்டன்ஸ் ஹால் மாடியில. சுதந்திரப் பிரகடனம் கையெழுத்தான அதே கட்டடம். ஜூரி கால் மணி நேரத்துல குற்றமில்லைன்னு வந்துட்டாங்க.

1842 பிரிக் வழக்கும் குற்ற வழக்குதான், ஆனா இங்க குற்றம் சாட்டப்பட்டது ஆளைப் பிடிச்சுட்டுப் போனவர். உச்ச நீதிமன்றம் வரைக்கும் போன பெரிய கேஸ், எட்வர்ட் பிரிக் எதிர் பென்சில்வேனியா மாநிலம். உண்மையில அது மார்கரெட் மார்கனோட கதை. மேரிலாண்டுல ஏறக்குறைய சுதந்திரமாவே வாழ்ந்தவங்க, 1832ல பென்சில்வேனியாவுக்குக் குடிவந்தாங்க, 1837ல பிரிக் வந்து பிள்ளைங்களோட தூக்கிட்டுப் போனார். வழக்குத் தலைப்புல அவங்க பேர் இல்ல. கோர்ட்டு விசாரிச்சது, ஆளைக் கடத்தினதுக்கு பிரிக்குக்குத் தண்டனை கொடுக்கலாமாங்கிறதை மட்டும். கொடுக்கக்கூடாதுன்னு தீர்ப்பு.

ஓபர்லின்ங்கிற ஊரோட கட்டு ஒண்ணு மட்டும் வேற மாதிரி. 1858 செப்டம்பர்ல ஒஹையோவுல ஜான் பிரைஸ்ங்கிறவரை மீட்ட கூட்டத்துல 37 பேர் மேல வழக்கு. அதுல சார்லஸ் லாங்ஸ்டன் கறுப்பினத்தவர், ஓடி வந்தவர் இல்ல, குற்றம் சாட்டப்பட்டவர். அதனால அவர் பேசலாம். தண்டனை சொல்றதுக்கு முன்னாடி ஏதாவது சொல்லணுமான்னு கேட்டதும் எழுந்து, என்னை விசாரிச்ச ஜூரி என் சமமானவங்க இல்ல, இந்த நாட்டுல என் நிறத்து மேல இருக்குற வெறுப்பு இந்தக் கோர்ட்டுக்குள்ளயும் இருக்குன்னு முகத்துக்கு நேராப் பேசினார். கூட தண்டனை வாங்கின வெள்ளைக்காரர் புஷ்னெலுக்கு 60 நாள், 600 டாலர். லாங்ஸ்டனுக்கு 20 நாள், 100 டாலர். ஒரு வாய் தொறந்தா என்ன ஆகும்னு பாத்துக்கோங்க.

மார்ச் 19

போன ஜனவரியில மகன் வீட்டுக்கு வந்திருந்தப்போ சின்சினாட்டியில ஒஹையோ ஆத்தங்கரையில போயி நின்னேன். எதிர்க்கரை கென்டக்கி, அந்தக் காலத்துல அடிமை முறை இருந்த மாநிலம், இந்தக் கரை ஒஹையோவுல அது கிடையாது. கண்ணுக்கெட்டுற தூரம், அங்க போற காரோட நிறம் தெரியுது. அன்னைக்குத் தண்ணி பழுப்பா ஓடிட்டிருந்துச்சு. 1856 ஜனவரியில அது உறைஞ்சு கெடந்துச்சு, அதனாலதான் மார்கரெட் கார்னர், புருஷன் ராபர்ட், மாமனார் மாமியார், நாலு பிள்ளைங்க, எட்டு பேரும் ராத்திரியோட ராத்திரியா பனி மேல நடந்து வந்தாங்க. உறவுக்காரர் வீட்டுல ஒளிஞ்சிருந்தப்போ சுத்தி வளைச்சுட்டாங்க. கதவு உடையுறதுக்குள்ள மார்கரெட் ரெண்டு வயசுப் பொண்ணு மேரியை கத்தியால அறுத்துட்டாங்க. திரும்ப அங்க போகவிடக்கூடாதுன்னு.

இதுக்கப்புறம் கோர்ட்டுல நடந்தது எனக்கு ஜீரணிக்கவே நாளாச்சு. அவங்க வக்கீல் ஜான் ஜோலிஃப், ஒஹையோ மாநிலம் இவங்க மேல கொலை வழக்கு நடத்தணும்னு போராடுறார். கொலைக் குற்றவாளின்னா ஒஹையோவுலயே இருப்பாங்க. கொலைக் குற்றவாளின்னா மனுஷி. உரிமை கோரின ஆர்ச்சிபால்ட் கெயின்ஸ் தரப்பு, அதெல்லாம் வேணாம், இவங்க எங்க பொருள், கொடுத்துருங்கன்னு கேக்குறாங்க. தூக்குக் கயிறு விடுதலைக்குப் பக்கமா இருந்த கேஸ் இது. கமிஷனர் பெண்டரி திருப்பி அனுப்பத் தீர்ப்புக் கொடுத்தார். தெற்க கொண்டுபோற வழியில கப்பல் மோதி கைக்குழந்தையும் ஆத்துல போச்சு. மார்கரெட் 1858ல டைஃபாய்டுல செத்துப்போனாங்க.

அடிமைகளுக்கு உதவின லெவி காஃபின் அந்தக் கோர்ட்டுல உக்காந்து பாத்தவர். மார்கரெட் நெத்தியில ஒரு பழைய தழும்பு, கன்னத்து எலும்பு மேல ஒண்ணு. எப்படி வந்துச்சுன்னு கேட்டதுக்கு, 'வெள்ளைக்காரன் அடிச்சான்'னு மட்டும் சொன்னாங்கன்னு எழுதி வச்சிருக்கார்.

பர்ன்ஸ் நகல்ல கன்னத்துல தழும்பு, கையில தழும்புன்னு படிச்சோமே, அதை மறுபடி எடுத்துப் பாருங்க. நான் இதுவரைக்கும் படிச்ச அடையாளக் குறிப்புல தழும்பு இருக்கு, எப்படி வந்ததுன்னு ஒரு வார்த்தை இல்ல. மார்கரெட் சொன்னதுதான் அந்தக் கோடிட்ட இடத்துக்கு உள்ள பதில்.

மார்ச் 20

நேத்து எழுதினதுக்கு 'அந்தம்மா செஞ்சது சரியா'ன்னு விவாதம் ஓடுது. நான் அதுல கலந்துக்கலை. ரெண்டு பிள்ளை பெத்தவ நான்.

மார்ச் 26

கட்டு எங்க பாக்குறதுன்னு கேட்டவங்களுக்கு. அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்துல மத்திய மாவட்டக் கோர்ட்டு ஆவணங்கள் பதிவுத் தொகுதி 21ல வரும். எந்த ஊர்க் கோர்ட்டோ அந்த வட்டாரக் கிளையில மூலம் இருக்கும். அச்சடிச்ச விசாரணை நூல்கள் வேணும்னா காங்கிரஸ் நூலகத்துல அடிமைகளும் நீதிமன்றங்களும்ங்கிற தலைப்புல 1740 முதல் 1860 வரைக்கும் உள்ளதைத் தொகுத்து இணையத்துல இலவசமா வச்சிருக்காங்க. வாஷிங்டன் நகரத்துக் கட்டையும் விடாதீங்க. அங்க 1862 ஏப்ரல் 16லயே அடிமை முறை ஒழிஞ்சுது. ஆனா பக்கத்துல மேரிலாண்டுல ஒழியலை, அதனால 1862லயும் 63லயும் கூட ஆளைப் பிடிக்க வாரண்ட் கேட்டு வந்த கேஸ் பேப்பர் இருக்கு. சட்டத்தை ரத்து பண்ணினது 1864 ஜூன் 28லதான். அப்போ உள்நாட்டுப் போர் ஆரம்பிச்சு மூணு வருஷம் தாண்டியிருந்துச்சு.

ஏப்ரல் 2

தாமஸ் சிம்ஸ் பத்தி ஒருத்தர் விடாமக் கேக்குறார். 1851 ஏப்ரல், பாஸ்டன். ஆளை யாரும் மீட்டுரக்கூடாதுன்னு கோர்ட்டு கட்டடத்தைச் சுத்தி சங்கிலி கட்டினாங்க, மாநிலத் தலைமை நீதிபதி லெமுவல் ஷாவே குனிஞ்சு அதுக்கடியில நுழைஞ்சு வேலைக்குப் போனார். சிம்ஸை சவானாவுக்குத் திருப்பி அனுப்பி, பொது இடத்துல 39 கசையடி கொடுத்தாங்க. 1863ல மறுபடி தப்பினார், அந்தத் தடவை யாரும் பிடிக்கலை. அவரை 1851ல கப்பலேத்தின மார்ஷல் சார்லஸ் டெவன்ஸ் 1877ல அட்டர்னி ஜெனரல் ஆனார், சிம்ஸுக்கு வாஷிங்டன்ல நீதித்துறையில மெசஞ்சர் வேலை கொடுத்தார். ஒரு ரூம்லயிருந்து இன்னொரு ரூமுக்குப் பேப்பர் கொண்டுபோற வேலை.

ஏப்ரல் 5

முதல் கேள்விக்கே திரும்ப வர்றேன். அவங்க வாயாலயே கேக்கணும்னா கோர்ட்டு கட்டை மூடிட்டு வெளிய தேடணும் தம்பி. பர்ன்ஸ் வர்ஜீனியா சிறையில கெடந்து, கைமாறி வித்துப்போயி, கடைசியில 1855ல பாஸ்டன் ஜனங்க 1,300 டாலர் கொடுத்து மீட்டாங்க. அவர் சேந்திருந்த வர்ஜீனியா பாப்டிஸ்ட் சபைக்கு உறுப்பினர் சான்று கேட்டு எழுதினதுக்கு, எஜமான்கிட்டயிருந்து ஓடினது கடவுள் கட்டளையை மீறின பாவம்னு சொல்லி அவரை நீக்கிட்டோம்னு பதில் வந்துச்சு. அதுக்கு அவர் நவம்பர்ல எழுதின கடிதம் இருக்கு. பொறந்தவுடனே என்னைத் திருடி அடிமையாக்கினாங்க, என்னைத் திருட எந்த மனுஷனுக்கும் உரிமை இல்ல, திருடினவனுக்கு என் மேல எந்தப் பாத்தியதையும் வந்துரலை, அவனுக்கு அடிமையா இருக்க நான் எந்த விதத்துலயும் கடமைப்பட்டவனும் இல்லைன்னு எழுதறார்.

கடமைப்பட்டவர்ங்கிற வார்த்தையை மார்ச் 4 குறிப்புல பாத்தோமே, அதே வார்த்தை. இந்தக் கடிதம் எந்தக் கட்டுலயும் கோக்கப்படலை. நான் முழுசாத் தமிழ்ல எழுதி முடிச்சுட்டேன், ஒருவாட்டி சரிபாத்துட்டு நாளைக்குப் போடறேன்.